ஷட்டரில் எழுத்து: பெயிண்டா, ஸ்டிக்கரா?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் எங்கள் கடை இருக்கிறது. வலை, கயிறு, மிதவை, ஈயக் குண்டு, நைலான் நூல் எனப் படகுக்காரர்களுக்கு வேண்டிய பொருட்களைத் தாத்தா காலத்திலிருந்து விற்று வருகிறோம். கடை திறந்திருக்கும் நேரத்தில் ஷட்டர் மேலே சுருண்டு கிடப்பதால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது யார் கண்ணிலும் படாது. கடையை மூடிய பிறகுதான் அந்த எழுத்துக்கு வேலை வருகிறது. படகுகள் பல நாட்களில் விடிவதற்கு வெகு நேரம் முன்பே புறப்பட்டுவிடும். புறப்படும் வேளையில் ஒரு வடம் நைந்திருப்பது தெரியவந்தால், படகில் வேலை செய்யும் பையன்களில் ஒருவன் கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் மூடிய கதவின் முன்னால் வந்து நிற்பான். அவனுக்கு வேண்டியது பத்து இலக்க எண் ஒன்று. அதைப் படித்து அவன் அழைத்தால், மாடியில் குடியிருக்கும் நாங்கள் இறங்கி வந்து கதவைத் திறந்து கொடுப்போம்.

2024ஆம் ஆண்டின் கடைசியில் அப்படி வந்த ஒருவர், இரண்டு முறை தவறான எண்ணுக்கு அழைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போனதாக மறுநாள் கேள்விப்பட்டேன். கீழே இறங்கிப் பார்த்தபோது, எண்ணில் இருந்த 8 என்ற இலக்கத்தின் இடப்பக்கம் உரிந்து விழுந்து, அது 3 ஆகியிருந்தது. கீழ்த்தெருவில் எனக்குத் தெரிந்த இரண்டு கடைக்காரர்கள் இப்போது புது ஷட்டர் போட்டுவிட்டு, எழுத்தைப் பெயிண்டில் எழுதுவதா, ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுவதா என்று என்னிடம் கேட்கிறார்கள். ஷட்டரின் பட்டைகளுக்குப் பெயிண்ட்தான் என்பது என் முடிவு. ஆனால் அந்த முடிவுக்கு நான் வந்த வழியில், பெயிண்டா ஸ்டிக்கரா என்ற கேள்விக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய வேறு இரண்டு கேள்விகள் இருந்தன. அவற்றைத்தான் இங்கே விரிவாக எழுத விரும்புகிறேன்.

எங்கள் பழைய ஷட்டர் வெறும் இரும்புத் தகட்டால் ஆனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது தெருவில் தேங்கிய நீர் வடிய நாட்கள் ஆயின. ஏற்கெனவே உப்புக் காற்றில் அரித்துப்போயிருந்த கீழ்ப்பட்டைகள் அதன் பிறகு கையால் அழுத்தினாலே பொத்துக்கொண்டன. எனவே 2024 தொடக்கத்தில் ஜி.ஐ. தகட்டில் புதிய ஷட்டர் போட்டோம். போட்டுக் கொடுத்தவர், கேட்காமலேயே, அதன்மேல் நீல எனாமல் ஒரு கை அடித்துக் கொடுத்தார். அந்த நீலத்தின்மேல் வெள்ளை வினைல் ஸ்டிக்கரில் எழுத்துகளை வெட்டி ஒட்டினோம். வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. கடையை ஒரு வேளைகூட மூட வேண்டியிருக்கவில்லை. செலவும் பெயிண்டர் சொன்ன தொகையில் பாதிக்குக் குறைவு. அன்று மாலை எதிர்ச் சாரியில் நின்று பார்த்தபோது, அச்சடித்ததுபோல் அவ்வளவு திருத்தமாக இருந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு அப்போது ஒரு காரணமும் தெரியவில்லை.

முதலில் போனவை புள்ளிகள். ‘வலைக் கடை’ என்பதில் வரும் ககர மெய்யின் புள்ளி ஆடி மாதத்திலேயே காணாமல் போய், ‘வலைக கடை’ ஆகிவிட்டது. ஆங்கில எழுத்தில் ஐ, ஜே இரண்டின் சிறிய வடிவங்களைத் தவிர வேறு எதற்கும் தனித்துண்டாகப் புள்ளி கிடையாது. தமிழில் ஒவ்வொரு மெய்யெழுத்தின் தலையிலும் ஒரு புள்ளி. ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்துக்கு அது எழுத்தின் பகுதி அன்று, தனியாக ஒட்டப்படும் ஒரு பொட்டு. விரல் நகம் அளவுகூட இல்லாத அந்தப் பொட்டின் அடியில் எவ்வளவு பசை இருந்துவிட முடியும்? மழை தொடங்கியபோது சுழிகள் தூக்கிக்கொண்டன. நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு எண்ணின் ஓரங்கள் நாய்க்காதுபோல் மடங்கி நின்றன. ஷட்டரை ஏற்றும்போதெல்லாம் மடங்கிய ஓரம் சுருளுக்குள் சிக்கி மேலும் கொஞ்சம் பிய்ந்து வந்தது.

எஞ்சியிருந்த 8இன் பாதியை நான் உரித்து எடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது. உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். வினைலின் பின்பக்கம் பசை தெரியவில்லை, நீலம் தெரிந்தது. பெயிண்ட் படலம் முழுதாக ஸ்டிக்கரோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அந்த நீலத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவினால் வெள்ளையாக, வழவழப்பாக ஒரு பொடி ஒட்டியது. ஷட்டரில் அந்த இடத்தில் தகடு சாம்பல் நிறத்தில் பளிச்சென்று தெரிந்தது. பசை தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. கைவிட்டது அதற்கு அடியில் இருந்த பெயிண்ட். ஸ்டிக்கர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக இருந்த நான், அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இதன் காரணம் எளிமையானது என்பதால் சொல்லிவிடுகிறேன். ஜி.ஐ. என்று நாம் சொல்வது, துரு ஏறாமல் இருக்க இரும்புத் தகட்டின்மேல் துத்தநாகம் பூசியது. சாதாரண எனாமல் பெயிண்டின் அடிப்படை ஆல்கிட் என்னும் பிசின். அதில் எண்ணெயிலிருந்து பெறப்படும் கொழுப்பு அமிலங்கள் கலந்திருக்கும். ஈரக் காற்றுப் பட்ட துத்தநாகத்தின் மேற்பரப்பு காரத்தன்மை அடைகிறது. கொழுப்பும் காரமும் சேர்ந்தால் சோப்பு உண்டாகும் என்பது நாம் பள்ளியில் படித்ததுதான். அதே வினை தகட்டுக்கும் பெயிண்டுக்கும் நடுவில் மெல்ல நடக்கிறது. சில மாதங்களில் பெயிண்ட், தகட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதாக வெளியே தோன்றினாலும், உண்மையில் ஒரு மெல்லிய சோப்புப் படலத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. நம் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரமும் உப்பும் இருப்பதால் இது விரைவாக நடக்கும். இரும்புக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர் என்னும் அடிப்பூச்சை ஜி.ஐ. மேல் அடித்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ரெட் ஆக்சைடும் பெரும்பாலும் அதே ஆல்கிட் பிசினில் செய்ததுதான். எனவே அதுவும் அப்படியே உரிந்து வரும். துத்தநாகத்தைச் சற்றே அரித்து அதில் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமரையோ, இரண்டு டப்பாக்களாக வரும் எபாக்சி பிரைமரையோ முதலில் அடிக்க வேண்டும். ஆகவே முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இந்த ஷட்டர் எந்தத் தகடு, அதன்மேல் இப்போது என்ன அடித்திருக்கிறது என்பது.

இரண்டாவது கேள்வி, இந்தக் கதவு எப்படி நகர்கிறது என்பது. இதை நாம் தினமும் கையால் தூக்கி இறக்கினாலும் கவனித்துப் பார்ப்பதில்லை. எங்கள் ஷட்டர் 9 அடி உயரம். ஒவ்வொரு பட்டையும் 3 அங்குலம் என்பதால் 36 பட்டைகள். ஒவ்வொரு பட்டையும் முதுகு வளைந்தது. ஒன்றின் கீழ்விளிம்பும் அடுத்ததன் மேல்விளிம்பும் ஒன்றுக்குள் ஒன்று கொக்கிபோல் கோக்கப்பட்டிருக்கின்றன. மேலே ஏறும்போது அவை அந்த மூட்டில் மடங்கி, குழாயைச் சுற்றிச் சுருள்கின்றன. சுருளில் ஒரு பட்டையின் முன்பக்கம் இன்னொரு பட்டையின் பின்பக்கத்தில் அழுந்தி உரசுகிறது. பட்டையின் முதுகுதான் புடைத்துக்கொண்டிருப்பதால் முழு உரசலும் அந்த முதுகில்தான் விழுகிறது. பின்பக்கத்தில் தெருப் புழுதியும், பட்டைகள் ஓடும் பக்கச் சட்டமான கைடிலிருந்து பரவிய கிரீஸும் படிந்திருக்கும். அதாவது நாம் ஒட்டிய எழுத்தை நாமே நாளுக்கு நான்கு முறை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மேலும் ஷட்டர் தொங்கும்போது மூட்டுகள் விரிகின்றன, தரையில் வந்து உட்காரும்போது நெருங்குகின்றன. மூட்டின் குறுக்கே நீட்டி ஒட்டிய எந்த வினைலும் இந்த அசைவைத் தாங்காது. முதல் வாரத்திலேயே அது சுருக்கம் விழும், பிறகு கிழியும். எங்களுக்கு ஒட்டியவர் தொழில் தெரிந்தவர்தான், ஒவ்வொரு மூட்டிலும் பிளேடால் கீறிவிட்டிருந்தார். ஆனால் அப்படிக் கீறினால் ஒரு எழுத்துக்கு நான்கு ஓரங்கள் இருந்த இடத்தில் பன்னிரண்டு ஓரங்கள் உண்டாகின்றன. ஸ்டிக்கர் உரியத் தொடங்குவது எப்போதும் ஓரத்தில்தான்.

வினைலிலும் தரம் உண்டு. நாம் சாதாரணமாக வாங்கும் கட்டிங் ஸ்டிக்கர் காலண்டர்டு வகை. சூடான உருளைகளுக்கு இடையில் விட்டு, மாவு தேய்ப்பதுபோல் தேய்த்து, இழுத்து மெல்லியதாக்கப்படுவது. இழுபட்ட பொருள் என்பதால் வெயில் பட்டால் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். காஸ்ட் என்னும் வகை, கூழாக ஊற்றி உலர்த்திச் செய்யப்படுவது. சுமார் 50 மைக்ரான் கனம்தான் இருக்கும். சுருங்காது, வளைவுகளில் படிந்து உட்காரும். வாகனங்களை முழுதாகச் சுற்றி ஒட்டுவது அதைக்கொண்டுதான். விலை பல மடங்கு. ஷட்டருக்கு ஸ்டிக்கர்தான் வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் காஸ்ட் வகையையே கேட்டு வாங்க வேண்டும் என்பேன். ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) மேலேயே வெட்டி நிறுத்தி, வெட்டிய மூலைகளை வளைத்து, புள்ளிகளைக் குறைந்தது ஒரு ரூபாய் நாணயத்தின் அளவாவது வைக்கச் சொல்ல வேண்டும். புதிதாகப் பெயிண்ட் அடித்த ஷட்டரில் சில வாரங்களாவது கழித்துத்தான் ஒட்ட வேண்டும். இல்லையென்றால் பெயிண்டிலிருந்து வெளியேறும் தின்னர் ஆவி அடியில் சிக்கிக் கொப்புளமாகும். இவ்வளவும் செய்தாலும் சுருளின் உரசலுக்கு அதனிடம் மறுமொழி இல்லை என்பதே என் அனுபவம்.

பழைய ஸ்டிக்கரை எடுப்பது தனி வேலை. வெயில் ஏறிய தகட்டில் அது ஓரளவு இளகி வரும். இளகாததை ஹீட் கன் வைத்து எடுத்தோம். பசையை மண்ணெண்ணெயால் துடைத்தோம். துடைத்து முடித்துப் பார்த்தால் எழுத்துகள் அப்படியே இருந்தன! சுற்றியிருந்த நீலம் வெயிலில் வெளுத்துவிட, ஸ்டிக்கர் மறைத்திருந்த இடம் மட்டும் புது நீலமாக இருந்ததால், ‘வலைக் கடை’ என்ற சொல் நிழலாகத் தெரிந்தது. ககரத்தின்மேல் இருந்த புள்ளி மட்டும் அந்த நிழலிலும் மங்கலாக இருந்தது, அது முன்னமே விழுந்துவிட்டதால். அதைப் பார்த்தபோது மனம் என்னவோபோல் ஆகிவிட்டது. ஒரு புள்ளி எத்தனை மாதமாக இல்லாமல் இருந்திருக்கிறது என்பதைக் கதவே கணக்கு வைத்திருந்தது.

எழுத வந்தவர், துறைமுகத்தில் படகுகளுக்குப் பெயரும் பதிவு எண்ணும் எழுதுகிற பெரியவர். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அப்போதுதான் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்த்துப் பெயிண்ட் அடிப்பார்கள் என்பதால் அவருக்கு அது ஓய்வில்லாத காலம். தடைக்காலத்தின் முதல் வாரத்தில், படகுகள் கரைக்கு வந்து, வேலை இன்னும் சூடு பிடிக்காத நாட்களில், எங்களுக்கு நான்கு நாள் ஒதுக்கினார். எங்கள் கடைக்கும் அதுவே தோதான நேரம். வலை பின்னவும் பழுது பார்க்கவும் நூல் கேட்டு ஆட்கள் வருவது அடுத்த வாரத்தில்தான் தொடங்கும்.

வந்ததும் அவர் ஷட்டரில் நகத்தால் ஒரு கீறு கீறினார். நீலம் சுருண்டு வந்தது. “அடியில கீறது சரியில்லாம மேல எத எழுதி இன்னாம்மா பண்றது?” என்று கேட்டுவிட்டு, முழு நீலத்தையும் சுரண்டி எடுக்க வேண்டும் என்றார். எனக்குச் செலவு கண்முன் நின்றது. ஆனால் உள்ளங்கையில் வைத்துப் பார்த்த அந்த 8 நினைவுக்கு வந்ததால் மறுக்கவில்லை. இரண்டு பேர் ஒரு நாள் முழுவதும் சுரண்டினார்கள். பிறகு சோப்பு நீரால் கழுவி, உப்புத்தாள் போட்டு, நல்ல தண்ணீரால் மறுபடியும் இரண்டு முறை கழுவினார்கள். இந்தக் கடைசிக் கழுவலில் பெரியவர் காட்டிய பிடிவாதத்தை நான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். தகட்டில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் உப்பின்மேல் பெயிண்ட் அடித்தால், அந்த உப்பு, படலத்தின் வழியாகவே ஈரத்தை இழுத்துக்கொண்டு அடியில் கொப்புளம் கட்டும். காசிமேட்டில் காலையில் கழுவிய தகட்டில் மாலைக்குள் மறுபடியும் உப்புப் படிந்துவிடும். எனவே கழுவிய தகடு காய்ந்ததும், நண்பகலில் கடற்காற்று எழுவதற்கு முன்பே, பிரைமரை அடித்து முடித்துவிட வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். எங்கள் கடை கிழக்குப் பார்த்தது. கடற்காற்று இல்லாத காலை நேரத்தில் வெயில் நேராக ஷட்டரில் விழும். சூடேறிய தகட்டில் பிரஷ் வைத்தால் பெயிண்ட் ஓடாமல் இழுத்துக்கொண்டு நிற்கும். வெயில் போனபின் அடிக்கலாம் என்றால் அதற்குள் கொண்டல் என்னும் கடற்காற்று உப்பைக் கொண்டுவந்துவிடும். பெரியவர் விடியற்காலை ஐந்தரைக்கு வந்து, ஷட்டர் சுருளை மூடியிருக்கும் மேல்பெட்டியில் ஒரு பழைய தார்ப்பாயைப் பந்தல்போல் சாய்த்துக் கட்டி, அதன் நிழலுக்குள் நின்று வேலை செய்தார். எட்ச் பிரைமர் ஒரு நாள், அதன்மேல் பளபளப்புக் குறைந்த சாட்டின் வகையில் கருநீலம் இரண்டு கை மறுநாள். பளபளப்பு வேண்டாம் என்று சொன்னவரும் அவரே. இரவில் கைப்பேசி விளக்கை அருகில் பிடித்தால், பளபளக்கும் பட்டை ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு வெளிச்சக் கோடு ஓடி எழுத்தைக் கெடுக்கும் என்பதை அவர் படகுகளில் பார்த்திருக்கிறார்.

எழுதும் நாளன்று அவர் பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன் ஒரு மணி நேரம் பட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். மேல் நான்கு பட்டைகள் பெட்டியின் நிழலில் மறையும். கீழ் எட்டுப் பட்டைகளில் தெருச் சேறும், மிதித்து இறக்கும் காலும் படும். மீதி 24. தமிழ் எழுத்து ஒரு வரி எழுத நான்கு பட்டை வேண்டும் என்பது அவருடைய கணக்கு. நடுவில் இரண்டு பட்டை எழுத்தின் உடம்புக்கு, அதற்கு மேல் ஒரு பட்டை புள்ளிக்கும் ‘யி’, ‘மி’ போன்றவற்றின் மேல்வளைவுக்கும், கீழே ஒரு பட்டை ‘று’, ‘கு’ போன்றவற்றின் கீழிறங்கும் வாலுக்கும். ஆக, ஆறு வரிக்கு மேல் இடமில்லை. ஐந்து எழுதினால் நெருக்கம், நான்கு போதும் என்றார். போர்டு எழுதுபவர்களிடம், 10 அடி தூரத்திலிருந்து தெளிவாகப் படிக்க 1 அங்குல எழுத்து வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. எங்கள் தெரு 30 அடி. அதன்படி 3 அங்குலம் போதும். ஆனால் சுழியும் வளைவும் நிறைந்த நம் எழுத்துக்கு அதை இரட்டிப்பாக்கி 6 அங்குலம் வைத்தார். இரண்டு பட்டைக்கு அது சரியாக அமைந்தது.

இந்த அடுக்கு முறையின் அருமை புள்ளி வைக்கும்போதுதான் தெரிந்தது. புள்ளி தன் பட்டையின் முதுகுக்குச் சற்றுக் கீழே, மூட்டிலிருந்து விலகி, முழு வட்டமாக உட்கார்ந்தது. ஸ்டிக்கரில் நாங்கள் எழுத்தின் மொத்த உயரத்தை மட்டும் பார்த்து ஒட்டியதால், புள்ளி சரியாக மூட்டின்மேல் விழுந்து இரண்டாகக் கீறப்பட்டிருந்தது. அது முதலில் விழுந்ததில் வியப்பு என்ன? உடம்பின் நடுவே வரும் ஒரு மூட்டைத் தவிர்க்க முடியாது. அங்கே பெரியவர் பிரஷை மூட்டுக்கு ஒரு நூல் முன்பே தூக்கி, ஒரு நூல் கீழே மறுபடி வைத்தார். அருகில் பார்த்தால் எழுத்து நடுவில் அறுந்திருக்கிறது. ஐந்தடி பின்னால் வந்தால் கண் அதைச் சேர்த்துக்கொள்கிறது. மூட்டுக்குள் பெயிண்ட் இறங்கினால் இரண்டு பட்டைகளும் ஒட்டிக்கொண்டு, முதல் முறை ஷட்டரைத் தூக்கும்போது எழுத்தைப் பிய்த்துக்கொண்டுதான் பிரியும். அவருடைய அணில் முடி பிரஷின் நுனி அந்த மூட்டின் ஓரத்தில் வந்து நிற்பதை, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபதைத் தாண்டிய கை, சாய்த்துப் பிடித்த ஒரு மூங்கில் குச்சியின்மேல் மணிக்கட்டை வைத்துக்கொண்டு, ஓர் இடத்தில்கூட மூட்டைத் தொடவில்லை.

‘வலை’ என்ற சொல்லுக்கு வந்தபோது அவர் நின்று, “எந்த லை போடட்டும்?” என்று கேட்டார். எங்கள் பழைய ஷட்டரில், அதற்கும் முன்னிருந்த மரப்பலகைகளில், ‘லை’ யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்து வரும் பழைய வடிவத்தில்தான் இருந்தது. பெரியார் 1935 முதல் தம் ‘குடிஅரசு’ இதழில் பயன்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் தமிழக அரசு ஏற்று ஆணையிட்டபோது மாறிய 13 எழுத்துகளில் ‘லை’யும் ஒன்று. எங்கள் கடையின் முதல் சொல்லே அந்த எழுத்தில் முடிவதால், அப்பாவுக்கு அதன்மேல் ஒரு பிடிப்பு இருந்தது. ஸ்டிக்கர் கடையில் கணினியிலிருந்த எழுத்துருவில் பழைய வடிவமே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கையால் எழுதுகிறவரிடம் எதையும் கேட்கலாம், அவர் எழுதிக் கொடுத்துவிடுவார். பெயிண்டின் பக்கம் நிற்க இது ஒன்றே போதுமான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனாலும் நான் புதிய ‘லை’யைத்தான் எழுதச் சொன்னேன். பழைய துதிக்கை, எழுத்தின் உடம்பிலிருந்து எழுந்து மேல் பட்டைக்குள் போகும் இடத்தில் மிக மெல்லியதாக இருக்கும். அந்த மெல்லிய கழுத்து மூட்டில் அறுபடும். அறுபட்டால் பதினெட்டு வயதுப் பையன் அதை இருட்டில் வேறு எதுவாகவோ படிப்பான். அவனுக்காகத்தான் இந்த எழுத்து. பழைய ‘லை’ உள்ள மரப்பலகை ஒன்று கல்லாவுக்குப் பின்னால் சுவரில் இருக்கிறது. பெரியவர் அதற்கும் அன்றைக்கே ஒரு கை வெள்ளை ஏற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

நான்கு வரிகள்: கடைப் பெயர், ‘வலை, கயிறு, மிதவை, ஈயம்’, ஐந்து ஐந்தாகப் பிரித்த தொலைபேசி எண், ‘இரவிலும் அழைக்கலாம்’. எண்ணுக்கு மட்டும் மஞ்சள், மற்றவை வெள்ளை. எழுதி முடித்தபின் ஷட்டரை மூன்று நாள் ஏற்றவில்லை. எனாமல் ஒரு நாளில் கைக்குக் காய்ந்துவிடும். ஆனால் சுருளில் பட்டைக்குப் பட்டை அழுந்தும்போது ஒட்டாமல் இருக்க வேண்டுமானால் அது உள்ளும் இறுக வேண்டும். அந்த மூன்று நாளும் மாடிப்படிப் பக்கத்துச் சிறு கதவு வழியாகச் சரக்கு எடுத்துக் கொடுத்தோம். அப்படி இன்னொரு வழி இல்லாத கடைகளுக்கு, பெயிண்டின் உண்மையான செலவு இந்த மூன்று நாள்தான். அதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வினைலை நான் முற்றிலும் விட்டுவிடவில்லை. ஷட்டருக்கு மேலே நிலையாக இருக்கும் பெட்டியின் தகடு தட்டையானது, நகராதது. அதில் ஒட்டிய எழுத்து இதுவரை ஓரம்கூடத் தூக்கவில்லை. பெயர்ப்பலகையில் தமிழே முதலிடத்தில் பெரிதாக இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்று 5:3:2 அளவில் அமைய வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு எண்ணின் 15 குறியீடுகளும் நுழைவாயிலில் உள்ள பலகையில் இருக்க வேண்டும். இத்தகைய சிறிய, திருத்தமான, எப்போதாவது மாற்ற வேண்டி வரக்கூடிய எழுத்துக்கு ஸ்டிக்கர் மிகப் பொருத்தம். அவற்றை ஷட்டரில் வைப்பதில் பொருளும் இல்லை, பகலில் அவை சுருண்டு போய்விடுமே. கண்ணாடிக் கதவுக்கும், பக்கத்துத் தூணுக்கும்கூட ஸ்டிக்கரையே சொல்வேன்.

நம் பகுதியில் ஷட்டருக்கு வரும் இன்னொரு சோதனை சுவரொட்டி. இரவோடு இரவாகக் கண்ணீர் அஞ்சலியோ, பிறந்தநாள் வாழ்த்தோ மைதாப் பசையில் கதவு நிறைய ஒட்டப்பட்டிருக்கும். இறந்தவர் தெரிந்தவராக இருப்பார், கோபித்துக்கொள்ளவும் முடியாது. ஸ்டிக்கர் இருந்த காலத்தில் சுவரொட்டியை உரித்தால் கூடவே எழுத்தும் வந்தது. இப்போது தண்ணீர் தெளித்து ஊறவைத்து, பழைய வலைத் துண்டைப் பந்தாகச் சுருட்டித் தேய்த்தால் காகிதம் மட்டும் வருகிறது. ஆயுத பூஜைக்குப் பட்டைகளில் வைக்கும் சந்தனமும் குங்குமமும் அப்படியே. முன்பு குங்குமம் ஸ்டிக்கரின் ஓரத்துப் பசையில் ஏறி, ஸ்டிக்கரை எடுக்கும் வரை சிவப்பு விளிம்பாக நின்றது.

எழுதிய பின் ஒரு வடகிழக்குப் பருவமழை கடந்துவிட்டது. இரண்டாம் வரியில் ‘மிதவை’யின் ‘த’ இருக்கும் பட்டையின் முதுகில் வெள்ளை சற்றுத் தேய்ந்து நீலம் தெரிகிறது. எண்ணில் ஒரு 7இன் குறுக்குக் கோடும் அப்படியே. உரசல் பெயிண்டையும் தின்கிறது. ஆனால் அது கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து காட்டிக்கொண்டே போவதால், எண் வேறு எண்ணாக மாறுவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. வரும் தடைக்காலத்தில் அந்த இரண்டு இடத்தை மட்டும் ஏற்றிக் கொடுப்பதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார். மீந்த வெள்ளையையும் மஞ்சளையும் சிறிய டப்பாக்களில் ஊற்றி, மூடியை இறுக அடித்து, தலைகீழாகக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். காற்றுப் பட்டு ஏடு படிந்தாலும், நிமிர்த்தித் திறக்கும்போது அது அடியில் போய்விடும், மேலே நல்ல பெயிண்ட் இருக்கும் என்றார். இரண்டு டப்பாக்களும் நைலான் நூல் அடுக்கின் கீழ்த்தட்டில், பெயர் எழுதிய சீட்டுகளோடு, கவிழ்ந்து இருக்கின்றன.